1921 சாப்ளின் படத்தை எங்கள் வாசிகசாலையில் போடலாமா? உரிமை யாருடையது?

வாய்க்கால்கரை | புதன் இரவு 8.20

எல்லோருக்கும் வணக்கம். விசுவமடுவிலிருந்து கொஞ்சம் உள்ளே, வாய்க்கால் ஓரமாக இருக்கிற ஒரு சின்ன வாசிகசாலைக்காக எழுதுகிறேன். ஆவணி விடுமுறையில் பிள்ளைகளுக்கு மைதானத்தில் ஒரு படம் போடுவது என்று முடிவெடுத்திருக்கிறோம். புரொஜெக்டர் இரவல். திரை, மீள்குடியேற்ற நேரம் தந்த வெள்ளைத் தறப்பாள். ஒரு மூலையில் எழுத்து இருக்கிறது, மடித்துக் கட்டிவிடலாம்.

படம் சார்லி சாப்ளினின் தி கிட், 1921. பேச்சில்லாத படம் என்றபடியால் முன்பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும், அப்பம்மாவுக்கும் விளங்கும். இசை எங்களுடையது. முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்துக்கு மத்தளம் அடிக்கிற அண்ணாவியார் ஒருவர் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். கூட ஒரு பெடியன் ஓர்கன் வாசிப்பான். படத்தில் சத்தமே இல்லை என்று அண்ணாவியாரிடம் சொன்னோம். “அப்ப நான்தானே சத்தம்” என்றார்.

சிக்கல் இனித்தான். வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச்சனம் செலவுக்குக் காசு அனுப்புகிறது. அவர்கள் பார்க்க நேரலையாகவும் போட வேண்டும், பிறகு யூடியூபிலும் ஏற்ற வேண்டும் என்பது எங்கள் தலைவரின் ஆசை. இணையத்தில் இந்தப் படம் ‘பப்ளிக் டொமைன்’, அதாவது பொதுக்களத்துக்கு வந்துவிட்டது என்று போட்டிருக்கிறது. அது எங்களுக்கும் பொருந்துமா? பிறகு யாராவது கடிதம் அனுப்பினால் வாசிகசாலையின் பேர் கெட்டுப்போகும்.

கல்மடுவான் | புதன் இரவு 8.41

நூறு வயசு தாண்டின படம். எடுத்தவரும் இல்லை, நடித்த பெடியனும் இல்லை. விசுவமடு மைதானத்துக்கு ஆர் வந்து கேட்கப் போகிறார்கள்? போடுங்கோ.

நாங்கள் சின்னனில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டரில் விடிய விடிய மூன்று படம் பார்த்த ஆட்கள். கசெட்டின் உரிமை ஆருடையது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. மண்ணெண்ணெய் ஆருடையது என்பதுதான் கேள்வி.

சட்டப்புத்தகம் | புதன் இரவு 9.30

கல்மடு அண்ணை, அந்த மண்ணெண்ணெய்க் கதையை ஒரு நாள் தனியாக எழுதுங்கள். ஆனால் இவர் கேட்பது பிடிபடுவோமா என்றல்ல, சரியா என்று. நான் இன்னும் சட்டத்தரணி ஆகவில்லை, படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் இப்போது நடைமுறையில் இருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். அதற்கு முன் 1979இன் சட்டக்கோவை, அதற்கும் முன் வெள்ளைக்காரனின் 1911 சட்டம். இன்றைய சட்டப்படி ஒரு கதைக்கோ பாட்டுக்கோ உரிமைக் காலம், ஆக்கியவரின் ஆயுளும் அவர் இறந்த பின் 70 ஆண்டும். படத்துக்குக் கணக்கு வேறு. சட்டம் அதை ‘ஒலி ஒளிப் படைப்பு’ என்று பிரித்து, முதன்முதல் வெளியான நாளிலிருந்து 70 ஆண்டு கொடுக்கிறது. யார் எப்போது செத்தார் என்ற கதை அங்கே வராது. ஆண்டு முடிவில்தான் கணக்கு மூடும்.

1921இல் வந்த படம். 70ஐக் கூட்டினால் 1991 மார்கழி 31. அதன் பிறகு இலங்கைக்குள் அந்தப் படம் ஊர்க்கிணறு மாதிரி. யாரும் அள்ளலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

அப்ப கல்மடு அண்ணை சொன்னதுதான் சரி என்று தோன்றும். விடை மட்டும் சரி, காரணம் பிழை. பழசு என்பதால் அல்ல, காலம் முடிந்ததால்.

கல்மடுவான் | புதன் இரவு 9.34

விடை சரி என்றால் எனக்குக் காணும்.

பனிக்காட்டான் | வியாழன் அதிகாலை 2.10

ஜெர்மனியில் இருந்து எழுதுகிறேன். எனக்கு இது நேரத்தோடு, உங்களுக்குச் சாமம். தலைவர் நேரலை என்று சொல்வதைக் கேட்டுத்தான் நித்திரை போனது.

தம்பி, பொதுக்களம் என்று உலகம் முழுவதற்கும் ஒரே வளவு கிடையாது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனி வேலி. உங்கள் மைதானத்தில் படம் ஓடும்போது இலங்கைச் சட்டம். அதையே நேரலையாக நான் இங்கே என் வீட்டில் பார்த்தால் ஜெர்மன் சட்டமும் வந்து கதவைத் தட்டும். இங்கே படத்துக்கு வெளியான ஆண்டைப் பார்ப்பதில்லை. இயக்குநர், திரைக்கதை எழுதியவர், வசனம் எழுதியவர், படத்துக்காக இசை அமைத்தவர், இந்த நாலு பேரில் கடைசியாக இறந்தவரைத் தேடிப்பிடித்து அங்கிருந்து 70 எண்ணுவார்கள். சாப்ளினின் படத்தில் அந்த நாலு வேலையையும் பார்த்தவர் சாப்ளின். அவர் போனது 1977 நத்தார் தினத்தில். ஆகவே இங்கே 2047 முடியும்வரை பூட்டு.

அமெரிக்கப் படம், அங்கே உரிமை முடிந்துவிட்டது, அதனால் இங்கேயும் முடிந்ததாக எடுக்கலாம்தானே என்று ஒரு நண்பனோடு வாதாடியிருக்கிறேன். எடுபடாது. ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் 1892இல் ஓர் ஒப்பந்தம், அது இன்னமும் உயிரோடு இருக்கிறது. அதனால் அமெரிக்கப் படைப்புக்கும் இங்கே முழுக்காலம். கனடாச் சனமும் சந்தோசப்பட வேண்டாம். அங்கே 50 ஆண்டாக இருந்ததை 2022 கடைசியில் 70 ஆக்கிவிட்டார்கள்.

காசு அனுப்புகிறவன் பார்க்க முடியாத படம். எங்கள் வழக்கமான கதைதான்.

வாய்க்கால்கரை | வியாழன் காலை 6.05

அண்ணை, விடியக்காலமை தேத்தண்ணியோடு இதை வாசித்தேன். தேத்தண்ணி ஆறிப்போச்சு.

அப்ப இணையத்தில் பொதுக்களம் என்று போட்டிருப்பது பொய்யா?

சட்டப்புத்தகம் | வியாழன் காலை 7.15

பொய்யில்லை. அது அமெரிக்கக் கணக்கு. இணையத்தில் தமிழில் எழுதுகிறவர்களும் தெரியாமலே அமெரிக்கக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். அங்கே பழைய படைப்புகளுக்கு வெளியான ஆண்டிலிருந்து எண்ணுவார்கள். 75 ஆண்டாக இருந்ததை 1998இல் 95 ஆக நீட்டினார்கள். 1922 வரை வெளியானவை அதற்குள் தப்பி வெளியே வந்துவிட்டன, தி கிட் அதில் ஒன்று. பிறகு இருபது ஆண்டு கதவு திறக்கவேயில்லை. 1923இல் வந்தவை 2019 தை முதலாம் திகதிதான் வெளியே வந்தன. அதன் பின் ஒவ்வொரு தை முதலாம் திகதியும் ஓர் ஆண்டுச் சரக்கு.

இன்னொன்று. தளத்தில் ‘பொதுக்களம்’ என்று பெட்டியில் குறி போட்டது படத்தை ஏற்றிய ஆள். நீதிபதி அல்ல. உங்களையும் என்னையும் போல ஒருவர்.

மதுரைக்காரன் | வியாழன் காலை 9.50

இந்தியாவிலிருந்து ஒரு எட்டிப்பார்ப்பு. எங்கள் பக்கம் 1957 சட்டம். படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். முன்பு 50. தாகூர் 1941இல் இறந்தவர், அவருடைய எழுத்து 1991 முடிவில் வெளியே வரவேண்டியது, அந்த நேரம் பார்த்து 60 ஆக்கினார்கள். எப்படியோ, பேசாப்படம் எல்லாமே இந்தியாவில் திறந்த வீடுதான்.

ஆனால் ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுவோம். தமிழில் நிறையப் பேர் இதை ‘நாட்டுடைமை’ என்கிறார்கள். அது வேறு. நாட்டுடைமை என்றால் அரசு பணம் கொடுத்து உரிமையை வாங்குவது. பாரதியார் பாடல்களின் உரிமை கைமாறிக் கைமாறி ஒரு படத் தயாரிப்பாளரிடம் இருந்தது. அதை 1949இல் சென்னை அரசு வாங்கி எடுத்தது. பொதுக்களம் என்றால் யாரும் வாங்கவில்லை, காலம் முடிந்தது, உரிமையாளர் என்று யாருமே இல்லை. முதலாவதில் அரசுக்கு நன்றி சொல்லலாம். இரண்டாவதில் காலண்டருக்குத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு தற்செயல்: பாரதி இறந்ததும் 1921.

பனிக்காட்டான் | வியாழன் மாலை 5.30

அவசியமில்லை என்றாலும் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. பேசாப்படத்தில் உரிமைப் பிரச்சினை என்றால் இங்கே எல்லோரும் நொஸ்ஃபெராட்டு கதையைத்தான் சொல்வார்கள். 1922இல் முர்னோ எடுத்த இரத்தக்காட்டேரிப் படம். பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா நாவலை அனுமதி கேட்காமல் எடுத்து, ஆட்களின் பேரை மட்டும் மாற்றினார்கள். ஸ்டோக்கர் 1912இலேயே போய்விட்டார். அவர் மனைவி விடவில்லை. தயாரித்த நிறுவனம் அதற்குள் வங்குரோத்து. காசு கிடைக்காது என்று தெரிந்ததும், படத்தை அழித்துத் தா என்று கேட்டு, 1925இல் தீர்ப்பும் வாங்கினார். பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பு. ஆனால் அதற்குள் சில பிரதிகள் வெளிநாடு போயிருந்தன. அப்படிப் போன பிரதிகளால்தான் இன்று அந்தப் படம் இருக்கிறது.

இங்கே அதன் காலம் முடிந்தது 2019 மார்கழியில். முர்னோ 1931இல் கார் விபத்தில் இறந்தார், திரைக்கதை எழுதிய ஹென்ரிக் காலீன் 1949வரை இருந்தார். கடைசி ஆள் கணக்கு என்று சொன்னேனே, அது இதுதான்.

மதுரைக்காரன் | வியாழன் இரவு 7.12

இதற்கு நேர்மாறான கதை எங்களிடம் இருக்கிறது ஐயா, கேளுங்கள். சி. வி. ராமன்பிள்ளை 1891இல் எழுதிய மலையாள நாவல் மார்த்தாண்ட வர்மா. 1930களின் தொடக்கத்தில் அதைப் பேசாப்படமாக எடுத்தார்கள். இயக்கியவர் பி. வி. ராவ். நாவலின் உரிமை வைத்திருந்த திருவனந்தபுரத்துப் பதிப்பகம் வழக்குப் போட்டது. படம் திரையரங்கிலிருந்து போயே போய்விட்டது. பிரதி பதிப்பகத்தின் கையில். அங்கேயே பல பத்தாண்டு கிடந்தது. 1974இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகம் அங்கிருந்து எடுத்தது. ஓடி வெற்றி பெற்ற எத்தனையோ தென்னிந்தியப் பேசாப்படங்கள் அழிந்துபோயின. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த கீசக வதம், தென்னிந்தியாவின் முதல் கதைப்படம், ஒரு அடி பிலிம்கூட இன்று இல்லை. வழக்கில் மாட்டிய படம் பிழைத்துக்கொண்டது.

அங்கே வழக்கு அழிக்கப் பார்த்தது, இங்கே வழக்கு காப்பாற்றியது.

கல்மடுவான் | வியாழன் இரவு 7.40

இலங்கையிலும் அப்படி ஒன்று கேள்விப்பட்டிருக்கிறேன். 1925இல் எடுத்த பேசாப்படம். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் காட்டினார்களாம், இங்கே காட்ட முதல் எரிந்துபோச்சாம்.

மதுரைக்காரன் | வியாழன் இரவு 7.58

ஆமாம், ராஜகீய விக்கிரமய. அரசியல்வாதி என். எம். பெரேரா இளமையில் நடித்த படம். அந்தக் காலத்து பிலிம் நைட்ரேட். தீப்பெட்டியும் அதுவும் சகோதரர்கள். அமெரிக்காவில் 2013இல் வந்த ஆய்வு ஒன்று, அங்கே எடுத்த பேசாத முழுநீளப் படங்களில் நூற்றுக்கு 70 முழுதாக இல்லாமல் போய்விட்டன என்றது. உரிமை முடிந்துவிட்டது என்று மகிழ்ந்துகொண்டு போனால் படமே இருக்காது.

முத்தையன்கட்டு | வியாழன் இரவு 8.25

எல்லோரும் 1921, 1921 என்கிறீர்கள். தம்பி வாய்க்கால்கரை, உங்கள் கையில் இருக்கிற கோப்பு எத்தனை நிமிடம்? இசை இருக்கிறதா?

வாய்க்கால்கரை | வியாழன் இரவு 8.31

53 நிமிடம். அருமையான வயலின் இசை இருக்கிறது. ஒரு நண்பன் பென்டிரைவில் தந்தது. இசையை நிறுத்திவிட்டு அண்ணாவியாரை வாசிக்க விடுவோம் என்று நினைத்தோம். ஏன்?

முத்தையன்கட்டு | வியாழன் இரவு 9.02

நினைத்தேன். அது 1921 படமில்லை தம்பி.

1971இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, சாப்ளின் அந்தப் படத்தை மறுபடி கையில் எடுத்தார். பிள்ளையைப் பெற்ற தாய் வருகிற சில காட்சிகளை வெட்டினார். முழுப்படத்துக்கும் தானே புதிதாக இசை அமைத்தார். அந்தப் பிரதிதான் பிறகு உலகம் முழுக்கச் சுற்றியது, துலக்கமாகக் கிடைப்பதும் பெரும்பாலும் அதுதான். 1921இல் வந்தது கிட்டத்தட்ட 68 நிமிடம். நிமிடத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் கூடாது. பேசாப்படத்தை எந்த வேகத்தில் ஓட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து நீளம் கூடும், குறையும். தாயின் காட்சிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆனால் 53 நிமிடமும் வயலினும் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை.

நான் இதைப் பட்டுத்தான் படித்தேன். இதே படத்தின் பத்து நிமிடத்தை முன்பு யூடியூபில் போட்டேன். ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு நிறுவனத்தின் உரிமைகோரல் வந்து நின்றது. இது 1921 படம், உரிமை முடிந்தது என்று வீராப்பாக மறுப்புப் போட்டேன். அவர்களுக்குப் பதில் சொல்ல 30 நாள். 29ஆம் நாள் வரை இருந்துவிட்டு, இசை எங்களுடையது என்றார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி.

சட்டப்புத்தகம் | வியாழன் இரவு 9.40

முத்தையன்கட்டு அண்ணை மட்டும் இதைக் கேட்காமல் விட்டிருந்தால் நான் சொன்ன 1991 கணக்கை நம்பி எல்லோரும் போயிருப்போம். திரும்பக் கணக்குப் போடுகிறேன்.

1971இன் வெட்டுப் பிரதியைத் தனிப் படைப்பாக எடுத்தால் இலங்கையில் 2041 முடியும்வரை உரிமை உண்டு. அதன் இசை, படத்தோடு ஒட்டியிருந்தாலும், இசையாகப் பார்த்தால் ஆக்கியவரின் ஆயுளும் 70உம். 1977இலிருந்து எண்ணினால் 2047. அதாவது பனிக்காட்டான் அண்ணைக்கு ஜெர்மனியில் போட்ட அதே பூட்டு, இசைக்கு மட்டும், விசுவமடுவிலும் தொங்குகிறது.

ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டினால் இசைப் பிரச்சினை போகும், வெட்டுப் பிரதிப் பிரச்சினை போகாது. 1921 பிரதியைத் தேடுங்கள். பழைய பிரதியிலிருந்து எடுத்தவை கோடு விழுந்து மங்கலாகத்தான் இருக்கும். தறப்பாளில் அது தெரியாது.

தமிழில் எழுத்து ஓடுகிற பிரதி கிடைத்தால் அதிலும் கவனம். மொழிபெயர்ப்புக்கும் உரிமை உண்டு. நடுவில் வருகிற எழுத்து அட்டைகளை நீங்களே தமிழாக்கி, ஒருவர் மைக்கில் வாசிப்பது நல்லது.

மதுரைக்காரன் | வியாழன் இரவு 10.05

அதுதான் அந்தக் காலத்து முறையும். எங்கள் ஊர்க் கொட்டகைகளில் பேசாப்படம் ஓடும்போது பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்லுவார். எழுத்துத் தெரியாத சனத்துக்கு அவர்தான் நாயகன்.

கல்மடுவான் | வெள்ளி காலை 6.50

ஒலிபெருக்கிக்குப் பொலிசில் அனுமதி எடுக்க மறக்க வேண்டாம். சாப்ளின் 2047 வரை காத்திருப்பார், பொலிஸ் காத்திராது. பொதுவில் படம் காட்டுவதற்குக் கொழும்பில் சான்று தருகிற சபை ஒன்றும் இருக்கிறது. பிரதேச சபையில் ஒருக்கால் கேளுங்கோ, எது தேவை, எது தேவையில்லை என்று சொல்லுவார்கள். அது உரிமைக் கதை இல்லை, வேறு கதை.

தண்ணிமுறிப்பு | வெள்ளி காலை 10.15

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். இவ்வளவு தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். எங்கள் வீட்டுப் படங்கள் எல்லாம் 2009இல் போய்விட்டன. ஒன்றுகூட இல்லை. போன மாதம் வெளிநாட்டில் இருக்கிற மாமி வீட்டில் ஒரு வீடியோ நாடா அகப்பட்டது. 1996இல் மல்லாவியில் நடந்த அக்காவின் கலியாணம். எடுத்தவர் யார், இப்போது இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. அதைக் கணினிக்கு மாற்றித் தரச்சொல்லி ஒரு கடையில் கொடுத்தால், எடுத்தவரின் அனுமதி வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

சட்டப்புத்தகம் | வெள்ளி பகல் 12.40

கணக்காகச் சொன்னால், வெளியிடாத ஒலி ஒளிப் படைப்புக்கு எடுத்த நாளிலிருந்து 70 ஆண்டு. 1996இல் எடுத்தது 2066 வரை. அது யாருடைய உரிமை என்பது, அன்று உங்கள் வீட்டாரும் அவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்தது. அதைச் சொல்ல இன்று ஆளில்லை.

ஆனால் அக்கா, நாடா 2066 வரை இருக்காது. பூஞ்சணம் பிடித்துவிடும். வேறு கடைக்குக் கொண்டுபோங்கள். நல்லது, உங்கள் ஊரிலேயே யாரிடமாவது டெக் இருந்தால் நீங்களே மாற்றுங்கள். சொந்தக் கலியாணத்தைச் சொந்த வீட்டில் பார்ப்பதற்கு வழக்குப் போடுகிற ஆளை நான் இன்னும் படிக்கவில்லை.

கல்மடுவான் | வெள்ளி பகல் 12.52

என்னிடம் டெக் இருக்கிறது. ஓடுகிற டெக். தனிமடல் போடுங்கோ தங்கச்சி.

பனிக்காட்டான் | வெள்ளி மாலை 6.20

நேரலை ஆசைக்கு ஒரு வழி யோசித்தேன். தி கிட்டை மைதானத்தோடு நிறுத்துங்கள். 1921 பிரதி, அண்ணாவியாரின் மத்தளம், ஊர்ச்சனம். அதை வெளியே அனுப்ப வேண்டாம்.

எங்களுக்கு வேறு படம் போடுங்கள். மெலியே 1902இல் எடுத்த நிலவுப் பயணப் படம், ஏறக்குறையக் கால் மணித்தியாலம். நிலவின் கண்ணில் போய் ராக்கெட் குத்துமே, அதுதான். மெலியே இறந்தது 1938. இங்கே 2008 முடிவோடு சரி. அமெரிக்காவில் எப்போதோ முடிந்தது, இலங்கையில் 70 ஆண்டு எப்போதோ போனது, கனடாவும் அப்படியே. நாலு வேலியும் திறந்த படம். ஆனால் நிறத்தில் இருக்கிற பிரதியை எடுத்துவிடாதீர்கள். 1993இல் பார்சலோனாவில் கிடைத்த கையால் நிறம் தீட்டிய பிரதியைச் சீர்செய்து, புதிய இசை போட்டு, 2011இல் வெளியிட்டார்கள். இசை புதியது, சீர்செய்த வேலைக்கும் சில நாடுகளில் உரிமை கேட்பார்கள். கறுப்பு வெள்ளை, சத்தமில்லாத பிரதியாகப் பாருங்கள்.

மெட்ரோபோலிஸ் என்று யாரும் தொடங்க முதல் நானே சொல்லிவிடுகிறேன், வேண்டாம். 1927 படம். அமெரிக்காவில் ஐம்பதுகளில் பொதுக்களத்துக்கு வந்தது, 1996இல் புதிய சட்டத்தால் திரும்பப் பூட்டினார்கள், 2023இல் மறுபடி திறந்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு முறை குடியேறியது போல. இங்கே 2046 வரை இல்லை.

முத்தையன்கட்டு | வெள்ளி மாலை 6.44

இரண்டு முறைதானா? எங்களோடு ஒப்பிட்டால் மெட்ரோபோலிஸ் அதிர்ஷ்டசாலி.

வாய்க்கால்கரை | வெள்ளி இரவு 8.10

தலைவரிடம் சொல்லிவிட்டேன். முதலில் முகம் சுண்டினார். நிலவுப் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டினேன். இரண்டு தரம் பார்த்தார். அது போதும் என்றார்.

ஆக, மெலியே, அண்ணாவியாரின் மத்தளத்தோடு, நேரலையாகவும் யூடியூபிலும். தி கிட் மைதானத்தில் மட்டும். 1921 பிரதி ஒன்று கிடைத்திருக்கிறது, தாய் வருகிற காட்சிகள் இருக்கின்றன, சத்தம் துண்டாக இல்லை. முத்தையன்கட்டு அண்ணைக்கு முதல் வரிசையில் கதிரை.

பள்ளமடு ரீச்சர் | வெள்ளி இரவு 9.25

மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். சாப்ளினின் உரிமை, மெலியேயின் உரிமை, ஸ்டோக்கரின் மனைவியின் உரிமை எல்லாம் பேசினீர்கள். அண்ணாவியாரிடம் யாராவது கேட்டீர்களா?

வாய்க்கால்கரை | வெள்ளி இரவு 9.31

வருகிறேன் என்றுதானே சொன்னார் ரீச்சர்.

பள்ளமடு ரீச்சர் | வெள்ளி இரவு 9.48

வருகிறேன் என்றார். பதிந்து உலகத்துக்குப் போடுங்கள் என்று சொன்னாரா? கூத்து மெட்டு பரம்பரையானது, அதற்கு ஒரு சொந்தக்காரர் இல்லை. ஆனால் அந்த இரவு அவர் கையால் அடிக்கிற அடி அவருடையது. கூத்துப் பதிவுகளை யாரோ வந்து எடுத்துக்கொண்டு போய், எங்கேயோ இசைத்தட்டாகப் போட்டு, அடித்தவரின் பேரே இல்லாமல் கேட்ட அனுபவம் என் குடும்பத்தில் இருக்கிறது. என் தகப்பனார் அதை வானொலியில் கேட்டுத்தான் அறிந்தார்.

சட்டப்புத்தகம் | வெள்ளி இரவு 10.20

ரீச்சர், தலையில் குட்டியதற்கு நன்றி. நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இலங்கைச் சட்டத்தில் கலைஞரின் ஆற்றுகைக்குத் தனி உரிமை உண்டு, 50 ஆண்டு. அவர் சம்மதிக்காமல் பதியவும் முடியாது, ஒளிபரப்பவும் முடியாது. ஓர்கன் வாசிக்கிற பெடியனுக்கும் அதே. இந்த முழு நிகழ்விலும் கடிதம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டிய ஆட்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் ஊரில்தான் இருக்கிறார்கள்.

ஒரு பக்கத்தில் எழுதுங்கள். என்ன பதிகிறோம், எங்கே போடுகிறோம், காசு வந்தால் யாருக்கு, பேர் எப்படி வரும். தமிழில் எழுதுங்கள். வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

வாய்க்கால்கரை | ஞாயிறு பின்னேரம் 4.50

நேற்று முள்ளியவளைக்குப் போய்வந்தேன். வெற்றிலை பாக்குத் தட்டத்தோடுதான் போனேன், ரீச்சரின் பேச்சுக்குப் பிறகு வெறுங்கையோடு போக மனமில்லை.

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ‘ஐம்பது ஆண்டு’ என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். தனக்கு எழுபத்துநாலு, ஐம்பது ஆண்டுக்குத் தான் என்ன செய்ய என்று சிரித்தார். மகளைக் கூப்பிட்டு அவளின் பேரையும் எழுதச் சொன்னார். காசு வந்தால் பாதி வாசிகசாலைக்கு. நேரலையில் தன் பேருக்கு முன்னால், தனக்கு மத்தளம் பழக்கிய அண்ணாவியாரின் பேர் வரவேண்டும். அவர் இறந்து நாற்பது ஆண்டு. இவர் சொல்லச் சொல்ல இரண்டு முறை எழுதி, எழுத்துப் பிழையைத் திருத்திய பிறகுதான் கையெழுத்து வைத்தார்.

அப்புறம் கேட்டார்: அந்தப் படத்தில் சண்டை எத்தனை இடத்தில் வருகிறது? படத்தைத் தொலைபேசியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இரவு மகள் அழைத்தாள், ஏழாவது தடவையாகப் பார்க்கிறாராம்.

ஆவணி இரண்டாம் சனிக்கிழமை, இருட்டின பிறகு. பாய் கொண்டு வரவும். நுளம்புக்கு வேப்பிலைப் புகை நாங்கள் போடுவோம்.

கல்மடுவான் | ஞாயிறு மாலை 5.15

மண்ணெண்ணெய் நான்.